தூங்காதவரின் காலை

“மெஷின் சொல்றதத்தானே மிஸ் நீங்க எழுதிக் குடுக்குறீங்க. இதுல நீங்க யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

சட்டைக் கையை மடித்துவிட்டு, இரத்தம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் கட்டிய ரப்பர் பட்டியை நான் அப்போதுதான் அவிழ்த்திருந்தேன். ஊசி போடவில்லை. அவருக்குக் கோபம்.

இந்த மாதம் எங்கள் ஆய்வுகூடத்தில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரிடமும் இதே கேள்வியை யாராவது கேட்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் கேட்பார். சில நாட்களில் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வீர்கள். அந்த நாற்காலியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் முன்பு, எனக்குக் கிடைத்த பதிலை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நீங்கள் வந்திருப்பது புதிய கட்டடத்துக்கு. மாபிள் தரை, கண்ணாடிக் கதவு, குளிரூட்டியெல்லாம் இருக்கிறது. நான் சேர்ந்தபோது எங்கள் ஆய்வுகூடம் ஹட்டன் பஸார் தெருவில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. மரப்படி ஏற வேண்டும். வயதானவர்களை நாங்களே கைபிடித்து ஏற்றுவோம். ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியாகப் பனி உள்ளே வரும். அந்தக் குளிரில் இயந்திரம் வேலைசெய்ய அடம்பிடிக்கும் என்பதால், இருந்த ஒரே ஹீட்டரை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு நடுங்குவோம். கவுண்டரில் வட்டவளையைச் சேர்ந்த மேரி அக்கா இருந்தார். “மனுசருக்குக் காய்ச்சல் வந்தாக் கூட இவ்வளவு கவனிப்பு இல்ல, இந்த இரும்புப் பொட்டிக்குத்தான் ராச உபசாரம்,” என்பார். கீழே கடையில் புதுப்புடவை பிரிக்கும் வாசனை மேலே எங்கள் ஸ்பிரிட் வாசனையோடு கலந்து வரும். இன்றைக்கும் எந்தப் புடவைக் கடைக்குள் நுழைந்தாலும் எனக்கு ஒரு நொடி அந்த மேல்மாடி ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், அம்மா என் வெள்ளைக் கோட்டைத் தோய்த்து எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் காயப்போட மாட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் நடக்கும் பாதைப் பக்கம்தான் போடுவார். யாராவது கேட்டால், “மக இரத்தம் பாக்குற டொக்டரு,” என்பார். நான் டொக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை திருத்தினேன். “அது அவங்களுக்குத் தேவையில்லாத வெவரம்,” என்று சொல்லிவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சீனிக்கும் கொழுப்புக்கும் இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆண் ஹோர்மோன் பரிசோதனைக்கு வருகிறவர்கள் டொக்டர் எழுதிய துண்டுச் சீட்டை மடித்து, எழுத்து உள்ளே போகும்படி நீட்டுவார்கள். ஆண்கள் கவுண்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். பெண்கள் ஒரு துணையோடு வந்து, துணைக்குத்தான் பரிசோதனை என்பது போல நிற்பார்கள். டெஸ்டோஸ்டெரோன் பெண்களின் உடம்பிலும் சிறிதளவு சுரக்கிறது, அது கூடினால் முகத்தில் முடி, மாதவிடாய்க் குழப்பம் எல்லாம் வரலாம் என்பது உங்களுக்குப் படித்துத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. “ஆம்பளைக்குப் பாக்குறத எனக்கு ஏன் எழுதியிருக்காங்க?” என்று அழுதவர்கள் உண்டு.

வசந்தி அழவில்லை. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கல்யாணமாகிச் சில வருடங்களாகக் குழந்தை இல்லை. மேலுதட்டில் மெல்லிய பூனைமுடி இருந்தது. அதைக் காட்டித்தான் மாமியார் பேசுவாராம். ஆம்பளை மீசை வைத்த பொம்பளைக்கு எப்படிப் பிள்ளை தங்கும் என்று எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். பெண்கள் கிளினிக்கில் இருந்து எழுதிக் கொடுத்துத்தான் வசந்தி எங்களிடம் வந்தார்.

இரத்தம் எடுத்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “மீச எங்க பெரியம்மாவுக்குந்தான் மிஸ் இருந்துச்சு. அது வரிசையா புள்ள பெத்துச்சு. அந்த மீசைய யாரும் கண்டுக்கல.”

அவருடைய அறிக்கையில் எல்லாம் சரியாகவே இருந்தது. வாங்கிக்கொண்டு, “இத மாமிக்குக் காட்டலாமா?” என்று கேட்டார். காட்டுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம், ஆனால் கிளினிக்கில் முதலில் காட்டுங்கள் என்றேன். போகும்போது படியில் நின்று திரும்பி, தன் வீட்டுக்காரரையும் ஒருநாள் இரத்தம் கொடுக்கச் சொல்ல வேண்டும், ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார் என்றார்.

அந்த வீட்டுக்காரர்தான் நான் முதலில் சொன்னவர். யோகராஜ் என்று வைத்துக்கொள்வோம்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு காலை நான் வந்தபோது, எங்கள் படி அடியில் ஒருவர் நின்றிருந்தார். கதவே திறக்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். உடம்பெல்லாம் வறுத்த தேயிலை வாசனை. அவர் ஸ்டோரில் வேலைசெய்கிறவர் என்று அதிலேயே தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மடித்த துண்டுச் சீட்டை நீட்டினார். “என் வீட்டுக்காரி வசந்தி இங்கதான் குடுத்துச்சு. நீங்க நல்லாப் பேசினீங்கன்னு சொல்லுச்சு. அதான் வந்தேன். ஆனா நான் வந்தது அதுக்குத் தெரிய வேணாம்,” என்றார்.

ஏற்கெனவே வேறோர் ஊரில் ஒருமுறை பார்த்திருந்தார். அந்த அறிக்கையும் கையில் இருந்தது. ஆண் ஹோர்மோன் அளவு மிகவும் குறைவு. கண்டியில் இருந்து ஹட்டனுக்கு மாதம் ஒருமுறை வரும் விசேட வைத்தியரிடம் அதைக் காட்டியிருக்கிறார். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்ய முடியாது, காலையில் வெறும் வயிற்றில் இன்னொரு தடவை கொடுத்து அறிக்கையோடு வாருங்கள், அதுவும் குறைவாக இருந்தால் ஊசி தொடங்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சரியான முறைதான். டொக்டர் வரும் நாள் மறுநாள்.

மேரி அக்கா பதிவு எழுதி முடிப்பதற்குள் யோகராஜ் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. “எடுக்கிறதுக்கு முன்னாடியே மயக்கம் போட்டுட்டாரு பாரு,” என்றார் அக்கா. நான் எழுப்பி உள்ளே கூட்டிப்போனேன். கையில் பட்டியைக் கட்டி, நரம்பைத் தேடிக்கொண்டே, பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டேன், விடியற்காலையிலேயே எழும்பிவிட்டீர்களா என்று.

“எழும்புறதா? நான் இன்னும் படுக்கவே இல்லயே மிஸ். நேரா நைட் வேல முடிச்சுட்டுத்தான் வாறேன். காலைலயே குடுக்கணும்னு சொன்னாங்கல்ல? ஸ்டோர்ல இருந்து பஸ்ஸுக்கு ஓடி வந்தேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் அல்லவா?

உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் இந்த ஹோர்மோன் உச்சத்தில் இருப்பதற்குச் சூரியன் காரணம் இல்லை, முக்கியமாக இரவு தூங்கிய தூக்கம்தான் காரணம். கொழுந்து பகலில் வந்து சேரும், இரவில் வாடும், அரைபடும். அதனால் ஸ்டோரில் இரவு வேலை ஓயாது. அதைச் செய்கிற மனிதருக்குக் காலை எட்டு மணி என்பது நாளின் களைத்துப்போன கடைசி. தூங்கி எழுகிற பிற்பகல்தான் அவருடைய காலை. முதல் அறிக்கைக்கும் இப்படித்தான் ஓடிப்போனீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இந்த நேரத்தில் எடுத்தால் எண் வரும், ஆனால் அந்த எண் உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்லாது என்று சொல்லிவிட்டுப் பட்டியை அவிழ்த்தேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இயந்திரத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அது பொய் சொல்லாது. கொடுத்த இரத்தத்தில் உள்ளதைச் சொல்லும். யாருடைய இரத்தம், எந்த நிலையில் வந்த இரத்தம் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் அந்த நேரத்தில் இப்படியெல்லாம் பேச முடியாது. அவர் எழுந்து நின்றுவிட்டார். எடுக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். எதிர்ப்பக்கம் இன்னோர் ஆய்வுகூடம் இருந்தது. ஜன்னலில் இருந்து பார்த்தால் அதன் பலகை தெரியும். அவர் கண் அங்கே போனதை நான் பார்த்தேன். நான் அனுப்பிவிட்டால் அவர் நேராக அங்கே போவார். அங்கே யாரும் எதுவும் கேட்காமல் எடுப்பார்கள். நாளைக்கு ஊசி ஏறிவிடும். மறுப்பதோடு என் பொறுப்பு முடிந்துவிடும், அவருக்கு நடக்கப்போவது நடந்தே தீரும்.

என்னைக் கலங்கடித்தது வேறொன்று. வசந்தி எதற்காக அலைகிறார் என்று எனக்குத் தெரியும். வெளியில் இருந்து போடும் ஆண் ஹோர்மோன் ஊசி, உடம்பு தானாக விந்தணு உண்டாக்குவதை நிறுத்திவிடக்கூடும். பிள்ளை வேண்டும் என்கிறவருக்கு அதைப் போடக்கூடாது. அந்த டொக்டர் அதை அறியாதவர் இல்லை. அப்படியென்றால் இவர்கள் பிள்ளைக்காக அலைவதை டொக்டருக்கு யாரும் சொல்லவில்லை.

மனைவி என்னிடம் சொன்னதைக் கணவனிடம் நான் எடுத்துச் சொல்ல முடியாது. கணவன் கேட்காமல் டொக்டரிடமும் சொல்ல முடியாது. மருந்தைப் பற்றிப் பேச நான் டொக்டரும் இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வழி, அவரிடமே கேட்பது. கதவைச் சாத்தினேன்.

“டொக்டர்கிட்ட என்னன்னு சொல்லிப் போனீங்க?”

“அசதியா இருக்குன்னு சொன்னேன். உடம்புல ஒரு ஆசையும் இல்லன்னு சொன்னேன்.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

தன் விரல்களைப் பார்த்தார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். “அத எப்படிங்க சொல்றது? வெளிய அவ்வளவு பேரு ஒக்காந்திருக்காங்க. பேரக் கூப்பிட்டு உள்ள விட்டா, ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள அடுத்த ஆளு கதவத் தட்டுறாரு. ஸ்டோர்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் போதும், மெஷின் சத்தத்துக்கு மேல கத்துவானுங்க.”

டொக்டரிடம் நேரத்தைப் பற்றி நான் பேசுகிறேன், மீதியை நீங்களே சொல்லுங்கள், அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு உங்களைப் பற்றிப் பாதிதான் தெரியும் என்றேன். அவர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். நான் டொக்டரின் தொலைபேசி எண்ணை அழுத்தினேன்.

டொக்டர் சிங்களவர். தோட்டத்து நோயாளிகளோடு பழகிப் பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். “நைட் வேலையா? என்கிட்ட அவர் சொல்லல்ல. நானும் கேட்கல்ல,” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை கூடியது. அப்போது இரத்தம் எடுக்க வேண்டாம், முதல் அறிக்கையையும் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றார். நோயாளியே உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று சொல்லி, தொலைபேசியை யோகராஜிடம் நீட்டினேன்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நான் வெளியே போகக் கதவுப் பிடியில் கை வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது, பெரட்டில் துரைக்குப் பதில் சொல்வது போல நேராக நின்று பேசுகிற குரல்.

“சேர்… எங்களுக்குப் புள்ள வேணும் சேர்.”

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வெளியே மேரி அக்கா என்ன என்று கண்ணால் கேட்டார். நான் ஜன்னலை இழுத்து மூடப் போனேன். அவர் தன் பதிவைப் பார்த்தார், அடைத்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு அவராகவே தாழ்ந்த குரலில் சொன்னார்: “மனுசன் நைட் வேல. அந்தப் புள்ள பகல்ல மலைல கொழுந்து பறிக்குது. ஒருத்தர் வர்றப்ப ஒருத்தர் போனா, இவங்களுக்கு எதுக்கடி ஹோர்மோன் டெஸ்ட்டு?” அப்போது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யோகராஜ் வெளியே வந்தபோது முகம் கழுவியது போல இருந்தது. ஊசிப் பேச்சையே டொக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். வரிசையாகச் சில இரவுகள் வீட்டில் தூங்கி எழுந்த பிறகு காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும், விந்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும், அடுத்த முறை மனைவியையும் கூட்டிவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவதுதான் அவருக்கு மலை போலத் தெரிந்தது. “அதுகிட்ட நான் இவ்வளவு நாளு ஒளிச்சத எப்படிச் சொல்லுவேன்?” என்று கேட்டார். நான் நீட்டிய பிளேன் டீயையும் குடிக்காமல் படி இறங்கிப் போனார்.

தீபாவளிக்கு ஸ்டோர் மூடினார்கள். அந்த லீவு முடிகிற காலையில் படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. முன்னால் வசந்தி, பின்னால் யோகராஜ். வசந்தி என்னைப் பார்த்து, “நல்லாத் தூங்க வச்சுக் கூட்டியாந்திருக்கேன் மிஸ். கொறட்ட தாங்கல. இப்பத்தான் தெரியுது நான் இத்தன நாளு எவ்வளவு நிம்மதியாத் தூங்கியிருக்கேன்னு,” என்றார். யோகராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அளவு சரியான எல்லைக்குள் இருந்தது. ஓகோ என்று இல்லை, கொஞ்சம் கீழ்ப்பக்கம்தான். ஆனால் ஊசி தேவைப்படும் அளவு அது இல்லை. டொக்டர் இருவரையும் ஒரே கிளினிக்குக்கு எழுதி அனுப்பினார். அதுவரை ஆளுக்கொரு இடத்தில், தனித்தனியாக, ஒரே பிள்ளைக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். ஸ்டோரில் பகல் வேலை கேட்டு யோகராஜ் பெரிய போராட்டமே நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். காரணம் கேட்டவர்களிடம், மனைவிக்குத் தனியாகப் படுக்கப் பயம் என்று சொன்னாராம். வசந்தி அதற்கு மட்டும் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். எழுதலாமா என்று அனுமதி கேட்கப் போனபோது வசந்தியிடம் நானும் கேட்டேன். “இன்னும் இல்ல மிஸ்,” என்றார். “ஆனா முன்ன நான் மட்டும் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப ரெண்டு பேரும் சேந்து காத்துக்கிட்டிருக்கோம்.” மாமியார்? அவர் இப்போது மீசையைப் பற்றிப் பேசுவதில்லையாம். மகனுக்கும் டெஸ்ட் எழுதினார்கள் என்று தெரிந்த அன்றைக்கே பேச்சு நின்றுவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிய தத்துவம் இல்லை. புத்தகத்தில் இருக்கும் விதியை மதியுங்கள். அந்த விதியை எழுதியவர், இரவில் தூங்கிக் காலையில் எழும்பும் மனிதரை மனதில் வைத்து எழுதினார் என்பதையும் மறக்காதீர்கள். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாள் வேறு மாதிரி ஓடுகிறது. விதியை மீறுகிறவர்களை நாம் எளிதில் கண்டுபிடித்துவிடுவோம். அதை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்து தப்பான இரத்தம் கொடுக்கிறவரைக் கண்டுபிடிக்க, அவரோடு பேசினால்தான் முடியும். ஊசி கையில் இருக்கும்போது ஒரு நிமிடம் பேசத் தயங்காதீர்கள். பேச்சில் கேட்டது அவருடையது, உங்களுடையது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சொல்ல வேண்டியதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் கடினம். அதற்கு எந்த வகுப்பும் எனக்கு உதவவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த நாட்களில்தான் உறுத்த ஆரம்பித்தது. யோகராஜுக்குத் தீபாவளி லீவு கிடைத்தது. மற்றவர்களுக்கு? அவர்கள் பிற்பகலில் தூங்கி எழுந்து, பொகவந்தலாவையில் இருந்து அந்த வளைவு வளைவான பாதையில் பஸ்ஸில் ஹட்டன் வந்து சேரும்போது நாம் கதவைப் பூட்டியிருப்போம். நாம் அவர்களுக்குக் கொடுக்கும் நேரம் எதுவும் அவர்களுடைய நேரம் இல்லை.

அதனால்தான் நான் தோட்டத்துக்குப் போகிறேன், உங்களுக்கு இந்த நாற்காலி கிடைக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் அறை கேட்டேன், நம் ஆய்வுகூட நிர்வாகத்திடமும் பேசினேன். முதலில் சிரித்தார்கள், பிறகு தலையாட்டினார்கள். குளிர்ப் பெட்டியும் மற்றச் சாமான்களும் எடுத்துக்கொண்டு, கடந்த சனிக்கிழமை பிற்பகல் பஸ் ஏறிப்போய் முதல் நாள் வேலையை முடித்துவிட்டேன். இரவு வேலை ஆண்கள் தூக்கம் கலையாத முகத்தோடு, கலைந்த தலையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆண்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு மலையில் இருந்து இறங்கிய பெண்கள் சிலர், கூடையைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, தாங்களும் இரத்தம் கொடுக்கத் தங்கள் கணவன்மாருக்குப் பக்கத்திலேயே வந்து வரிசையில் நின்றார்கள்.